சுவாதி விண்மீன்: அளந்த எண்களும் பெருக்கிப் பெற்ற எண்களும்

சுவாதியின் தோற்றப் பொலிவெண் −0.05. பொலிவெண் குறையக் குறைய ஒளி கூடும். 1 எண் வேறுபாட்டுக்கு 2.512 மடங்கு, 5 எண் வேறுபாட்டுக்குச் சரியாக 100 மடங்கு. இரவு வானில் இதைவிடப் பிரகாசமாகத் தெரியும் விண்மீன்கள் மூன்றே: சிரியஸ் (−1.46), அகத்திய நட்சத்திரம் எனப்படும் கனோபஸ் (−0.74), ஆல்ஃபா சென்டாரி (−0.27). சிரியஸ் சுவாதியைப் போல 3.7 மடங்கு ஒளி தருகிறது, கனோபஸ் 1.9 மடங்கு, ஆல்ஃபா சென்டாரி 1.2 மடங்கு. கடைசியாகச் சொன்னது இரண்டு விண்மீன்கள் சேர்ந்து தரும் ஒளி. பிரித்துக் கணக்கிட்டால் அவற்றில் பெரியதன் பொலிவெண் −0.01. அதைச் சுவாதி 4 விழுக்காடு முந்துகிறது; எனவே தனி விண்மீன்களின் வரிசையில் அதற்கு மூன்றாம் இடம்.

வான நடுவரைக்கு வடக்கே உள்ள விண்மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சுவாதிக்கு முதலிடம். இரண்டாவதாக வரும் வேகாவின் பொலிவெண் 0.03, வேறுபாடு 0.08, அதாவது 8 விழுக்காடு. பகலில் தொலைநோக்கி வழியே காணப்பட்ட முதல் விண்மீன்களில் சுவாதியும் ஒன்று: 1635இல் பிரெஞ்சுக்காரரான மோரின் அதைச் சூரிய ஒளியிலேயே கண்டார்.

ஆர்க்டூரஸ் என்று உலகம் அழைக்கும் இவ்விண்மீனைப் பற்றி நூல்களில் அச்சாகும் எண்கள் பல: தொலைவு, ஆரம், நிறை, வயது, வெப்பநிலை, வேகம், ஒளிர்திறன். இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் நேராக அளந்ததில்லை. நேராக அளந்தவை ஆறு: பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தோன்றும் கோணம், அதன் வட்டு பிடிக்கும் கோணம், பூமிக்கு வந்து சேரும் ஆற்றல், ஆண்டுதோறும் அது வானில் நகரும் கோணம், பார்வைக் கோட்டில் அதன் வேகம், அதன் நிறமாலை. மற்றவையெல்லாம் இந்த ஆறிலிருந்து பெருக்கியும் வகுத்தும் வந்தவை. எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது அது இந்த ஆறிலிருந்து எத்தனை படி தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

முதல் அளவு 0.08883 விகலை. ஒரு பாகைக்கு 3,600 விகலை. பூமி தன் சுற்றுப்பாதையின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் போகும்போது சுவாதி இடம் மாறித் தோன்றும் கோணத்தில் பாதி இது. பிழை வரம்பு ±0.00054 விகலை, அதாவது 0.6 விழுக்காடு. 1-ஐ 0.08883ஆல் வகுத்தால் 11.26 பார்செக், அதை 3.2616ஆல் பெருக்கினால் 36.7 ஒளியாண்டு. கிலோமீட்டரில் 347 லட்சம் கோடி. பிழை வரம்பைத் தொலைவுக்கு மாற்றினால் ±0.22 ஒளியாண்டு. 2025 மே மாத நடுவில் ஒருவர் கண்ட சுவாதியின் ஒளி அங்கிருந்து புறப்பட்டது 1988 ஆகஸ்டு இறுதியில். பிழை வரம்பின்படி அவ்வாண்டு ஜூன் முதல் நவம்பர் நடுப்பகுதிக்குள் எந்த நாளாகவும் இருக்கலாம்.

இந்த 0.08883 ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் தந்த அளவு. 1989 ஆகஸ்டில் ஏவப்பட்டு 1993 வரை இயங்கிய அது 1,18,218 விண்மீன்களை அளந்தது. பட்டியல் 1997இல் வெளிவந்தது, அதே பதிவுகள் 2007இல் மறுபடி கணக்கிடப்பட்டன. அடுத்து 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா விண்கலம் 180 கோடிக்கும் மேற்பட்ட ஒளிப்புள்ளிகளைப் பதிவு செய்தது. எண்ணிக்கையில் 15,000 மடங்கு. ஆனால் அதன் கருவிகள் மங்கலான விண்மீன்களுக்காக அமைக்கப்பட்டவை. ஏறத்தாழ 3ஆம் பொலிவெண்ணைவிடப் பிரகாசமானவை அதற்கு மிகை ஒளி. பல்லாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள, வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாத விண்மீன்களுக்குப் புதிய அளவுகள் கிடைத்துவிட்டன. வடவானின் மிகப் பிரகாசமான விண்மீனுக்கு 1993க்கு முந்திய பதிவுகளே இன்றும் ஆதாரம்.

தொலைவில் சிறு பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பொது நிகழ்ச்சியே சான்று. 1933 மே 27 அன்று சிகாகோவில் உலகக் கண்காட்சி தொடங்கியது. அதே நகரில் முந்தைய உலகக் கண்காட்சி நடந்தது 1893இல். இடைவெளி 40 ஆண்டு. அன்றைய மதிப்பீட்டின்படி சுவாதியின் தொலைவும் 40 ஒளியாண்டு. 1893 கண்காட்சியின்போது புறப்பட்ட ஒளியைக் கொண்டே 1933 கண்காட்சியின் விளக்குகளை ஏற்றுவது என்று முடிவாயிற்று. எர்க்ஸ் வானாய்வகத்தின் 40 அங்குலத் தொலைநோக்கியும் வேறு சில ஆய்வகங்களின் தொலைநோக்கிகளும் சுவாதியின் ஒளியை ஒளிமின்கலத்தில் குவித்தன. அதில் பிறந்த மின்னோட்டம் பெருக்கப்பட்டுக் கம்பி வழியே சிகாகோ சென்று விளக்குகளை ஏற்றியது. எர்க்ஸ் தொலைநோக்கியின் குழலும் தாங்கியும் 1893 கண்காட்சியிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டவை. இன்றைய 36.7 ஒளியாண்டைக் கொண்டு கழித்தால் அந்த ஒளி புறப்பட்டது 1896இல். 40 ஒளியாண்டு என்பதற்குரிய கோணம் 0.0815 விகலை, சரியான கோணம் 0.0888. வேறுபாடு 0.0073 விகலை. அதுவே 3.3 ஆண்டுப் பிழையாக, 9 விழுக்காடாக விரிந்தது. அன்றைய கருவிகளுக்கு இது மோசமான பிழை அல்ல.

அந்தத் தொலைநோக்கிக்குள் எவ்வளவு ஆற்றல் நுழைந்திருக்கும் என்பதையும் கணக்கிடலாம். சுவாதியிடமிருந்து வளிமண்டலத்தின் மேல் விளிம்பில் ஒரு சதுர மீட்டருக்கு வந்து சேரும் மொத்த ஆற்றல் 4.98 × 10⁻⁸ வாட். ஆறு அளவுகளில் மூன்றாவதான இது, எல்லா அலைநீளங்களையும் அளந்து கூட்டிய எண். 40 அங்குல வில்லையின் பரப்பு 0.81 சதுர மீட்டர். பெருக்கினால் ஒரு வாட்டில் 10 கோடியில் 4 பங்கு. காற்றிலும் வில்லையிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறைவு. விளக்குகளை எரித்த மின்சாரம் சிகாகோவுடையது. சுவாதி தந்தது சாவியைத் திருப்பும் அளவு மட்டுமே. அதுவும் சிறிய சாதனை அல்ல.

4.98 × 10⁻⁸ வாட்டை இன்னொரு வழியில் விரித்துப் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 0.05 வாட், 20 சதுர கி.மீ.க்கு 1 வாட். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ.; சுவாதி நேர் உச்சியில் நின்றால் அந்நகரம் முழுவதன் மேலும் விழுவது 21 வாட், ஒரு எல்.இ.டி. டியூப்லைட்டின் அளவு. 1,30,058 சதுர கி.மீ. தமிழ்நாட்டுக்கு 6.5 கிலோவாட். பூமிப்பந்து முழுவதும் பெறுவது 6.35 மெகாவாட். சூரியன் ஒரு சதுர மீட்டருக்குத் தருவது 1,361 வாட். இரண்டுக்கும் உள்ள விகிதம் 2,733 கோடிக்கு 1. சூரியன் ஒரு நொடியில் தருவதைச் சுவாதி தந்து முடிக்க 866 ஆண்டு ஆகும்.

ஆயினும் கண்ணுக்கு இது போதும், மிகையும்கூட. இருளுக்குப் பழகிய கண்மணியின் விட்டம் 7 மில்லிமீட்டர் என்று கொண்டால், காற்றில் இழந்தது போக, கண்ணுக்கு நன்கு புலப்படும் பச்சை-மஞ்சள் பட்டையில் மட்டும் நொடிக்குச் சுமார் 3 லட்சம் ஒளித்துகள்கள் அதனுள் நுழைகின்றன. வெறுங்கண்ணுக்குத் தெரியும் எல்லை எனப்படும் 6ஆம் பொலிவெண் விண்மீனிடமிருந்து வருவது இதில் 263இல் ஒரு பங்கு.

இரண்டாவது அளவு 0.02106 விகலை: சுவாதியின் வட்டு வானில் பிடிக்கும் கோணம். முழுநிலா பிடிப்பது 1,865 விகலை. அதில் 88,500இல் ஒரு பங்கு இது. ஒரு விண்மீனின் வட்டை மனிதர் முதன்முதலில் அளந்தது 1920 டிசம்பர் 13 அன்று. மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியின் மேல் 20 அடி நீள உத்தரத்தில் கண்ணாடிகளைப் பொருத்தி, மைக்கல்சனும் பீஸும் திருவாதிரை எனப்படும் பீட்டல்ஜூஸின் வட்டை அளந்தார்கள், கிடைத்தது 0.047 விகலை. அடுத்து அளக்கப்பட்டவற்றுள் சுவாதியும் ஒன்று.

கோணமும் தொலைவும் தெரிந்துவிட்டால் விட்டம் ஒரே பெருக்கலில் வரும். 0.02106 × 11.26 = 0.237 வானியல் அலகு, அதாவது 3.55 கோடி கி.மீ. ஆரம் 1.77 கோடி கி.மீ. சூரியனின் ஆரம் 6,95,700 கி.மீ.; வகுத்தால் 25.5 மடங்கு. ஆய்வேடுகள் தரும் எண் 25.4 ± 0.2. சூரியனிடத்தில் சுவாதியை வைத்தால் அதன் விளிம்பு புதன் கோளின் சராசரித் தொலைவான 5.79 கோடி கி.மீ.யில் 31 விழுக்காடு வரை எட்டும். பெருமீன் (giant) என்று பெயர் பெற்ற விண்மீன்களில் இது பெரியதன்று. கோள்களை விழுங்கும் அளவுக்கு இன்னும் வளரவில்லை.

கன அளவு 25.4 × 25.4 × 25.4 = 16,387 சூரியன்கள். நிறையோ 1.08 சூரியன் மட்டுமே. சூரியனின் சராசரி அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1,410 கிலோகிராம். சுவாதியின் சராசரி அடர்த்தி 0.093 கிலோகிராம். கடல் மட்டத்தில் நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்தி 1.2 கிலோகிராம். ஆக, சுவாதி சராசரியாகக் காற்றைவிட 13 மடங்கு மெலிந்தது. இது சராசரிதான். நிறையின் கணிசமான பங்கு நடுவே மிகச் சிறிய ஹீலியக் கருவில் நெருக்குண்டு கிடப்பதால் வெளி உறை இச்சராசரியைவிடவும் மெலிவு. மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 0.46 மீட்டர், பூமியில் 9.8 மீட்டர். அதாவது 4.7 விழுக்காடு. சூரியனில் இது 274 மீட்டர்.

வெப்பநிலை 4,286 கெல்வின், பிழை ±30. இதையும் யாரும் தொட்டு அளக்கவில்லை. வந்து சேரும் ஆற்றலான 4.98 × 10⁻⁸ வாட்டையும் வட்டின் கோணமான 0.02106 விகலையையும் ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதியில் இட்டால் 4,285 கெல்வின் கிடைக்கிறது. தொலைவு இக்கணக்கில் நுழைவதே இல்லை. சூரியனின் மேற்பரப்பு 5,772 கெல்வின். வெப்பநிலை 26 விழுக்காடு குறைவு. ஆனால் ஒரு சதுர மீட்டர் வீசும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் படியைப் பின்பற்றுவதால் அது 70 விழுக்காடு குறைகிறது: சூரியனில் 6.29 கோடி வாட், சுவாதியில் 1.91 கோடி வாட். ஒளியின் உச்சமும் நகர்கிறது: சூரியனுக்கு 502 நானோமீட்டர், சுவாதிக்கு 676 நானோமீட்டர். ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் இவ்வளவே.

இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய ஒரு முரண் இருக்கிறது. சுவாதி சூரியனைப் போல எத்தனை மடங்கு ஒளிர்கிறது? பிரபலமான பல குறிப்புகளில் காணப்படும் எண் 170. வேறு சிலவற்றில் 110 முதல் 115 வரை. மேலே உள்ள எண்களைப் பெருக்கினால் கிடைப்பது வேறு. பரப்பு 25.4இன் இருமடி, 645 மடங்கு. ஒரு சதுர மீட்டரின் வீச்சு 0.304 மடங்கு, பெருக்கல் பலன் 196. ஆரத்தைத் தொடாமல், பூமிக்கு வரும் ஆற்றலையும் தொலைவையும் மட்டும் கொண்டு கணக்கிட்டால் 197. ஒரே எண்ணுக்கு இரு வழிகள் வந்து சேர்கின்றன. 170 சரியென்றால், 25.4 மடங்கு ஆரத்தோடு பொருந்த வெப்பநிலை 4,136 கெல்வினாக இருக்க வேண்டும். அது அளந்த வெப்பநிலையைவிட 150 கெல்வின் குறைவு, பிழை வரம்பைப் போல 5 மடங்கு. 170ஐ நான் ஏற்க இயலாததற்குக் காரணம் இது. 114 என்பதில் பிழை இல்லை. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் எண்ணியது. 114ஐ 197ஆல் வகுத்தால் 0.58. சூரியனோடு ஒப்பிடுகையில் சுவாதி தன் ஆற்றலில் பெரும்பங்கைக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பில் செலவிடுகிறது. எந்த ஒளி என்று சொல்லாமல் மடங்கு மட்டும் அச்சிடும் அட்டவணை வாசகருக்கு உதவாது.

ரோகிணியோடு ஒப்பிட்டால் வெப்பநிலையின் வலிமை இன்னும் தெளிவாகும். ரோகிணியும் ஆரஞ்சுப் பெருமீன். அதன் வட்டு பிடிக்கும் கோணம் சுமார் 0.0206 விகலை, சுவாதியைவிட 2 விழுக்காடு மட்டுமே குறைவு. வானில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு வட்டுகள். ஆனால் ரோகிணியின் வெப்பநிலை சுமார் 3,900 கெல்வின், பொலிவெண் 0.86. கண்ணுக்குச் சுவாதி 2.3 மடங்கு பிரகாசம். மொத்த ஆற்றலில் வேறுபாடு 1.5 மடங்கு. 390 கெல்வின் வேறுபாடு கண்ணுக்கு இவ்வளவாகப் பெருகுகிறது. தொலைவைச் சேர்த்தால் வரிசை தலைகீழாகும்: ரோகிணி 66.6 ஒளியாண்டில் இருப்பதால் அதன் ஆரம் சூரியனைப் போல சுமார் 45 மடங்கு.

சூரியனுக்கு மிக அருகிலுள்ள பெருமீன் சுவாதி அன்று. மிதுனத்தின் போலக்ஸ், 33.8 ஒளியாண்டு. 2.9 ஒளியாண்டு அருகில் இருந்தும் போலக்ஸின் பொலிவெண் 1.14, சுவாதியின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு. ஆரம் 9 மடங்கு மட்டுமே.

நான்காவது அளவு ஆண்டுக்கு 2.28 விகலை. இதுதான் இவ்விண்மீனுக்கு வரலாற்றில் தனி இடம் தந்தது. வானில் ஒரு முழுநிலா அகலம் நகர அதற்குச் சுமார் 820 ஆண்டு போதும். ஒரு பாகைக்கு 1,580 ஆண்டு. முதல் தரப் பிரகாச விண்மீன்களில் இதைவிட வேகமாக நகர்வது ஆல்ஃபா சென்டாரி (3.7 விகலை) ஒன்றே; சிரியஸ் 1.34 விகலை. 1718இல் எட்மண்ட் ஹாலி பழைய கிரேக்கப் பதிவுகளோடு தம் காலத்து அளவுகளை ஒப்பிட்டு, சுவாதி, சிரியஸ், ரோகிணி ஆகிய மூன்றும் இடம் பெயர்ந்துவிட்டன என்று அறிவித்தார். அப்பதிவுகளில் ஒன்றைச் செய்த கிரேக்க வானியலர் ஹிப்பார்க்கஸின் காலம் கி.மு. 130 அளவில். அன்றிலிருந்து 1718 வரை சுமார் 1,850 ஆண்டு; 2.28ஆல் பெருக்கினால் 4,200 விகலை, அதாவது 1.17 பாகை. கண்ணால் அளந்த பழைய பட்டியலில்கூட மறைக்க முடியாத வேறுபாடு. விண்மீன்கள் அசையாதவை என்ற நம்பிக்கை 2,000 ஆண்டு நிலைத்தது. அதை உடைக்கத் தேவைப்பட்டது புதிய கருவி அன்று, இரண்டு பட்டியல்களும் ஒரு கழித்தலும்.

கோண நகர்வைத் தொலைவால் பெருக்கினால் வேகம்: 4.74 × 2.28 × 11.26 = நொடிக்கு 122 கி.மீ. பார்வைக் கோட்டில் நம்மை நோக்கி வரும் வேகம் 5.2 கி.மீ. மட்டுமே, எனவே அசைவு முழுவதும் ஏறத்தாழ குறுக்கு வாட்டில். பூமிக்கும் நிலாவுக்கும் இடையிலான 3.84 லட்சம் கி.மீ.யை அது 53 நிமிடத்துக்குள் கடந்துவிடும். மிக அருகில் வர இன்னும் சுமார் 3,900 ஆண்டு; அப்போதும் இன்றைவிட 0.03 ஒளியாண்டுதான் நெருங்கியிருக்கும். பிறகு விலகல். நேர்கோட்டில் செல்வதாகக் கொண்டால் 1 லட்சம் ஆண்டில் 53.6 ஒளியாண்டு, ஒளி இன்றைய அளவில் 47 விழுக்காடு.

பால்வீதியின் மையத்தைச் சூரியன் நொடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. அதே சுற்றில் சுவாதி 100 கி.மீ.க்கும் மேல் பின்தங்குகிறது. 1971இல் ஓலின் எக்கன் சுவாதி உட்பட இதே போல் பின்தங்கிச் செல்லும் 53 விண்மீன்களை ஒரு கூட்டமாகச் சேர்த்தார். பால்வீதி விழுங்கிய சிறு விண்மீன் கூட்டமொன்றின் மிச்சம் இவை என்றும், பால்வீதியின் உள்ளசைவுகளால் ஒன்றுசேர்ந்தவை என்றும் இரு விளக்கங்கள் உண்டு. 53 என்ற எண்ணிக்கை எந்தப் பக்கமும் சாயப் போதாது.

நிறமாலை தரும் எண் −0.52. இரும்பின் அளவைச் சூரியனோடு ஒப்பிடும் பத்தடிமான மடக்கை இது. மடக்கையை நீக்கினால் 0.30. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவுக்கும் சூரியனில் உள்ள இரும்பில் 30 விழுக்காடே சுவாதியில் உள்ளது. பிழை ±0.04, அதாவது 28 முதல் 33 விழுக்காடு வரை. இரும்பு, முந்தைய தலைமுறை விண்மீன்கள் வெடித்துச் சேர்த்த பொருள். குறைவாக இருப்பது பழமைக்கு அடையாளம், சான்று அன்று. இந்த நிறமாலை வேறு எந்தப் பெருமீனின் நிறமாலையையும்விட நுணுக்கமாகப் படிக்கப்பட்டது. 1968இல் ரோஜர் கிரிஃபின் 3,600 முதல் 8,825 ஆங்ஸ்ட்ராம் வரை அதன் அட்லஸை வெளியிட்டார்; 1995இல் வந்த அகச்சிவப்பு அட்லஸ் 0.9 முதல் 5.3 மைக்ரோமீட்டர் வரை நீண்டது. பிற பெருமீன்களின் வேதியியலை அளக்கும் ஆய்வுகள் தம் முறையைச் சரிபார்க்க இன்றும் முதலில் எடுப்பது சுவாதியை. அதனால் சுவாதியின் எண்ணில் உள்ள பிழை சுவாதியோடு நிற்பதில்லை.

சுவாதி நம் வானில் எங்கே நிற்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. 2025இல் அதன் நடுவரை விலக்கம் வடக்கே 19 பாகை 3 கலை. எந்த ஊரின் அட்சரேகை இதற்குச் சமமோ அந்த ஊரின் நேர் உச்சியில் அது கடக்கும்; இந்தியாவில் மும்பையின் பாந்த்ரா அக்கோட்டில் இருக்கிறது. சென்னையில் உச்ச உயரம் 84 பாகை, யாழ்ப்பாணத்தில் 81, கன்னியாகுமரியில் 79. மூன்றிலும் உச்சிக்குச் சற்று வடக்கே. ஹவாய்த் தீவுகள் 18.9 முதல் 22.2 பாகை வரை பரவியிருப்பதால் அங்கும் அது உச்சி மீன். 1976இல் கருவிகள் இல்லாமல் ஹவாயிலிருந்து தஹிதி வரை சென்ற மரபுப் பாய்மரக் கலத்துக்கு ஹவாய் மக்கள் இட்ட பெயர் ஹோகுலேயா. சுவாதியின் ஹவாய்ப் பெயர் அது. தஹிதியில் சுவாதியின் உச்ச உயரம் 53 பாகை. அது உச்சிக்கு ஏறும்வரை வடக்கே செலுத்தினால் ஹவாயின் அட்சரேகை வந்துவிடும்.

அந்த 19 பாகை 3 கலையும் நிலையானதல்ல. ஆண்டுக்கு 18.6 விகலை தெற்கே இறங்குகிறது: பூமியின் அச்சு சுழன்று திரிவதால் 16.6 விகலை, விண்மீனின் சொந்த நகர்வால் 2.0 விகலை. நிலத்தில் இது ஆண்டுக்கு 575 மீட்டர். சென்னையின் உச்சிக்கு வர 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்களில் சுவாதி 15ஆவது. ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை. சந்திரன் சுவாதியில் இருக்கிறது என்று பஞ்சாங்கம் சொல்வது சூரியப் பாதையின் ஒரு பகுதியைத்தான். விண்மீனோ அப்பாதைக்கு 30.7 பாகை வடக்கே நிற்கிறது. சந்திரன் அப்பாதையைவிட்டு விலகும் உச்ச அளவு 5.1 பாகை. எனவே சந்திரன் சுவாதி விண்மீனை 25 பாகைக்குள் ஒருபோதும் நெருங்குவதில்லை. ஜூன் மாத முன்னிரவில், 9 மணி அளவில், இதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம்: சப்தரிஷி மண்டலத்தின் வால் வளையும் திசையில் 30 பாகை சென்றால் ஏறத்தாழ உச்சியில் சுவாதி, அதற்குத் தெற்கே 30 பாகைக்கு மேல் தள்ளி, சந்திரன் நெருங்கிச் செல்லும் சித்திரை விண்மீன்.

எஞ்சியது நிறையும் வயதும். நிறை 1.08 ± 0.06 சூரியன். மற்ற எண்களுக்கு இருப்பதைப் போல இதற்கு ஓர் அளவீடு பின்னால் இல்லை. விண்மீனின் நிறையை நேராக அளக்க ஒரு துணை வேண்டும். துணை சுற்றிவரும் காலமும் தொலைவும் நிறையைக் காட்டிக்கொடுக்கும். சுவாதிக்கு உறுதி செய்யப்பட்ட துணை இல்லை. 1997 ஹிப்பார்க்கோஸ் பட்டியல் 3.3 பொலிவெண் மங்கலான, அதாவது 21 மடங்கு ஒளி குறைந்த துணை ஒன்று இருக்கலாம் என்றது. அடுத்து மவுண்ட் வில்சனில் நுண்மையாகத் தேடியபோது அது காணப்படவில்லை. ஆகவே வெப்பநிலை, ஒளிர்திறன், இரும்பின் அளவு மூன்றையும் கணினி மாதிரிகளோடு பொருத்தி எந்த நிறை ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். மாதிரி மாறினால் நிறையும் மாறும்.

நிறையில் 5.6 விழுக்காடு பிழை சிறிதாகத் தோன்றும். ஆனால் இத்தகைய விண்மீனின் ஆயுள் ஏறத்தாழ நிறையின் 2.5ஆம் படிக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது, 5.6 × 2.5 = 14 விழுக்காடு. இரும்பு அளவின் பிழையும் மாதிரிகளின் பிழையும் சேர, 2011இல் வெளியான ஆய்வு தந்த வயது 710 கோடி ஆண்டு. மேலே 150 கோடி, கீழே 120 கோடி. சூரியனின் வயது 457 கோடி ஆண்டு. சுவாதி மூத்தது என்பதில் ஐயம் இல்லை. கீழ் எல்லையான 590 கோடியும் 457ஐவிட 133 கோடி அதிகம். எவ்வளவு மூத்தது என்பதே திறந்த கேள்வி: 133 கோடி முதல் 403 கோடி வரை, மூன்று மடங்கு இடைவெளி.

தொலைவில் பிழை 0.6 விழுக்காடு, வெப்பநிலையில் 0.7, ஆரத்தில் 0.8, நிறையில் 5.6, வயதில் 17 முதல் 21. கடைசி எண் சுருங்க வேண்டுமானால் தொலைவை இன்னும் நுட்பமாக அளப்பது உதவாது. நிறையை மாதிரியின் துணையின்றி அளக்கும் வழி வேண்டும். அதுவரை சுவாதியின் வயதை அச்சிடும்போது 710 கோடி என்று மட்டும் எழுதுவது தவறு. 590 முதல் 860 கோடி ஆண்டு என்று எழுதுவதே சரி.